முந்தைய பிரசவம் அறுவையாயின்...



2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்துப் பிரசவங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 அறுவைச் சிகிச்சையே. ஆகவே, "முதற்குழந்தை ஆபரேஷன், அடுத்தது சுகப்பிரசவமாகுமா?" என்னும் வினா நம் மஹல்லாவிலும் எழுகின்றது.

ஆகலாம். ஒருமுறை அறுவை கண்டு, மருத்துவர் இசைவுடன் முயலும் தாய்மார் 4 பேரில் சுமார் 3 பேருக்குக் கைகூடுகின்றது. ஆயினும், வலியின்போது கருப்பையின் பழைய தழும்பு கிழியும் அபாயம் சுமார் 200 பேரில் ஒருவருக்கு உண்டு. கிழிந்தால் தாய்க்கும் சேய்க்கும் நிமிடங்களில் உயிராபத்து!

கருப்பையைக் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டினார்களா, மேலே நெடுக்காகவா என்பதே முதற்கேள்வி. வயிற்றுத் தோலின் தழும்பு அதனைக் காட்டாது. பழைய டிஸ்சார்ஜ் சீட்டில் தேடவேண்டும். (அதனைத்தான் பலர் தொலைத்துவிடுகின்றனர்!) நெடுக்கெனில் முயலலாகாது. இருமுறை அறுவை கண்டவர் மூத்த மருத்துவரின் சொற்படியே நடக்கவேண்டும். அறுவை பெருகப் பெருக, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தழும்பில் வேரூன்றும் ஆபத்தும் பெருகும் என்பதையும் மறக்கலாகாது.

திருவரங்கத்தார் வலி கண்டபின் காவிரிப் பாலம் கடக்க எண்ணவேண்டாம். 2022 நவம்பரில் பழுதுபார்க்க மூடிய அப்பாலம், மாதக்கணக்கில் திறக்கப்படவில்லையே! இரவிலும் அறுவை அரங்கு, மயக்க மருத்துவர், இரத்தம் ஆகியவை உள்ள மருத்துவமனையில் முன்கூட்டியே சேர்ந்துவிடுங்கள்.

மர்யம் (அலை) அவர்கள் பேரீச்ச மரத்தடியில் பட்ட வேதனையை ஓதும் நாம், "வலிக்கு அஞ்சுகிறாள்" என்று மருமகளை ஏளனம் செய்யலாமா? முடிவு அவளுடையது. கணவர் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு, அவளுடன் மருத்துவரிடம் செல்லட்டும்.