மஞ்சள் விளக்கும் மெலிந்த கலவையும்

மோட்டார் கார் வைத்திருக்கும் நேயர்களிடம் முதலில் ஒரு வினா. காரின் முகப்பிலே, எஞ்சின் வடிவமைந்த ஒரு சிறு மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கினால் என்ன செய்வீர்கள்? அதன்மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி மறைத்துவிட்டு ஓடுவாரும் உளர். அன்றைக்கே கராஜுக்குச் சென்று, அங்கே சொன்ன பொருளையெல்லாம் வாங்கிப் பூட்டுவாரும் உளர். முன்னவர் எஞ்சினை இழப்பர். பின்னவர் பணத்தை இழப்பர். யான் பின்னவர் கூட்டத்தைச் சேர்ந்தவன். கலைப் பட்டம் பெற்ற ஒருவன் எஞ்சினைப் பற்றிப் பேச வந்தமைக்கு அந்த இழப்பே காரணம்.

சென்ற ஆண்டு கொக்குவிலில் என் காரில் இவ்விளக்கு எரிந்தது. கராஜில் ஒரு கையடக்கக் கருவியை, சுக்கானுக்குக் கீழேயுள்ள துளைகளிற் பொருத்திப் பார்த்தனர். 'பி 0171' என்ற குறியீடு தோன்றிற்று. "ஒட்சிசன் உணரி பழுதாகிவிட்டது" என்றனர். ஒரு மாதச் சம்பளத்தில் நல்லதொரு பங்கைக் கொடுத்துப் புதியதைப் பூட்டினேன். மூன்றாம் நாள், காங்கேசன்துறை வீதியிலே குளப்பிட்டிச் சந்தியை அணுகும்போது, விளக்கு மீண்டும் எரிந்தது.

அக்குறியீடு உண்மையிற் சொல்வது யாது? 'கலவையில் எரிபொருள் போதாது' என்பது மட்டுமே. எந்த உறுப்புப் பழுது என்று அது சொல்லவில்லை. அன்று எனக்கு அது தெரியாது.

ஒரு கிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் வளி வேண்டும். வளி இதனிற் கூடினாலோ, பெற்றோல் குறைந்தாலோ கலவை மெலிகின்றது. மெலிந்த கலவையில் எஞ்சின் நின்ற நிலையில் நடுங்கும், மிதித்தவுடன் தயங்கும், பாரம் இழுக்கும்போது அளவுக்கு மீறிச் சூடேறித் தட்டல் ஒலி எழுப்பும். புகைக்குழாயில் இருக்கும் ஒட்சிசன் உணரி, எரிந்தபின் எஞ்சிய ஒட்சிசனை மட்டுமே அளக்கின்றது. 1976ஆம் ஆண்டில் வொல்வோ காரில் முதன்முதல் வந்த காலந்தொட்டு அதன் தொழில் அதுவே. வளி மிகுந்ததா, பெற்றோல் குறைந்ததா என்று பிரித்துரைக்க அதற்கு இயலாது. அது ஒரு தூதன். இராவணன் சபையிலே அனுமனைக் கொல்லப் புகுந்தபோது, தூதரைக் கொல்லுதல் முறையன்றென்று வீடணன் தடுத்தான். எனக்கோ அன்று கராஜில் ஒரு வீடணன் வாய்க்கவில்லை.

பின்னர் வாய்த்தவர், என் சிற்றப்பாவின் ஒஸ்ரின் காரை நெடுங்காலம் பார்த்துவந்த முதியவர் ஒருவர். அந்தக் காரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது தடைப்பட்டது. நம்முடைய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எண்ணெய் உள்ளே செல்லும். எரியத்தக்க ஆவி இராது. ஆகவே காபரேற்றரின் வாயிற் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அந்தச் சில துளியைச் சேமித்துவைத்த சிறு போத்தலுக்கு வீட்டில் இருந்த மதிப்பை, அக்காலத்தைக் கண்டவர்களே அறிவர்! அன்று விளக்குமில்லை, கருவியுமில்லை. தீப்பொறிச் செருகியைக் கழற்றி அதன் நுனியின் நிறத்தைப் பார்ப்பார்கள். வெளுத்திருந்தாற் கலவை மெலிவு, கரி படிந்திருந்தால் மிகுதி, இளங்கபிலமாயின் சரி. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோன்றதொரு கலை அது.

அப்பெரியவர் என் கதையைக் கேட்டுவிட்டு, "தம்பி, சாமான் மாத்த முதல் காத்து எங்காலை போகுதெண்டு பாக்க வேண்டாமோ?" என்றார். அவருடைய மகன் அதே வகைக் கருவியைக் கொண்டுவந்தான். ஆனால் அவர்கள் குறியீட்டோடு நிற்கவில்லை. எரிபொருட் திருத்தம் என்னும் எண்ணைப் பார்த்தனர். கலவை மெலியும்போது காரின் கணினி தானாகவே பெற்றோலைக் கூட்டி ஈடுசெய்கின்றது. எத்தனை வீதம் கூட்டுகின்றது என்பதே அந்த எண். பூச்சியத்தை ஒட்டி நிற்பது நலம்; 10 வீதத்தைத் தாண்டி நிலைத்தால் ஆராயவேண்டும். என் காரில், எஞ்சின் நின்ற நிலையில் 22 வீதம். நிமிடத்துக்கு 2500 சுழற்சிக்கு உயர்த்தியபோது 4 வீதம்.

இந்த வேறுபாட்டிலேதான் நோயின் பெயர் இருந்தது. நின்ற நிலையில் எஞ்சின் உறிஞ்சும் வளி சிறிது. அப்போது வெடித்த குழாயொன்றின் வழியே, வளிமானிக்குத் தெரியாமற் புகும் காற்று பெரும்பங்காகிவிடும். வேகம் கூடும்போது மொத்த வளி பெருகுவதால் அத்திருட்டுக் காற்றின் பங்கு சுருங்கும். மாறாக, வேகமும் பாரமும் கூடக்கூட அந்த எண்ணும் ஏறினால், பெற்றோல் போதிய அளவு வரவில்லை என்று ஐயுற வேண்டும்; எரிபொருட் பம்பி தளர்ந்திருக்கலாம், வடிகட்டி அடைபட்டிருக்கலாம். வளிமானியில் தூசு படிந்து, வளியைக் குறைத்துக் கணக்கிடுவதும் உண்டு. அதற்கென விற்கும் திரவத்தால் அதைக் கழுவினாலே பலவேளை போதும்.

பெரியவர் எஞ்சின் அருகே செவி கொடுத்தார். மெல்லிய சீறல் கேட்டது. உள்ளெடு குழாயின் பின்புறத்தே, வெப்பத்தில் இறுகிப்போன ஒரு இறப்பர்க் குழாய், விரற்கடை நீளத்துக்கு வெடித்திருந்தது. குறட்டால் அதை நெரித்தார், நடுக்கம் நின்றது. ஒழுக்கைக் கண்டுபிடிக்கச் சிலர் சூடான எஞ்சினிற் பெற்றோலைத் தெளிப்பர். அது தீயோடு விளையாடுவதாகும், ஒருபோதும் செய்யற்க.

இன்னொன்றும் கூறவேண்டும். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால், மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். சில நாளிற் காட்டலாம். அது விட்டுவிட்டு மின்னினால் எரிதல் தவறுகின்றது என்பது பொருள். எரியாத பெற்றோல் புகைக்குழாயிலுள்ள ஊக்கி மாற்றியிற் சென்று எரிந்து, அந்த விலையுயர்ந்த உறுப்பையே அழித்துவிடும். அப்போது ஓரமாக நிறுத்துவதே தக்கது. கழற்றிய பழைய உறுப்பையும் கராஜில் விட்டுவிடாமற் கேட்டு வாங்குங்கள்.

யான் தற்செயலாக வாங்கி வைத்திருந்தேன். புதிய குழாயைப் பூட்டியபின், பெரியவர் பழைய உணரியையே திரும்பவும் மாட்டி ஓட்டிப் பார்க்கச் சொன்னார். குழாயின் விலை, நான் அவருக்கு வாங்கிக் கொடுத்த தேநீருக்கும் வடைக்கும் சற்றே கூடுதல். விளக்கு இன்றுவரை எரியவில்லை. புதிய உணரி வீட்டு அலுமாரியில் இருக்கின்றது.