கரையில் நின்றால் குறையா?

(‘குடும்பத்தோடு கடலடி அழகைக் காண ஏற்றது கரையா? படகா?’ என்ற தலைப்பில், ‘கரையே’ அணியில் பேசியது)



எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். “படகில போனவன் மீனைப் பார்த்தான், கரையில நின்னவன் மணலைப் பார்த்தான்” என்றார். ஐயா, அந்த மணலே மீன் போட்டதுதான்! (சிரிப்பு) வேடிக்கை இல்லை. லட்சத்தீவில் கிளிமீன் உண்டு. பவளப்பாறையைக் கொறித்து, அரைத்து, வெளியே தள்ளும். தீவின் வெள்ளை மணலில் ஒரு பங்கு அதன் கைங்கரியம்! (கைதட்டல்)

நான் படித்துப் பேச வரவில்லை. பட்டுப் பேச வந்திருக்கிறேன். கொச்சியிலிருந்து ‘சமுத்திரம்’ என்று ஐந்து நாள் கப்பல் சுற்றுலா. கவரத்தி, கல்பேனி, மினிக்காய். பகலில் தீவு, இரவில் கப்பல். குடும்பத்தோடு போனேன். கல்பேனியில் இறங்கினோம். ஸ்நார்க்ளிங் என்றார்கள். கண்ணுக்குக் கண்ணாடி முகமூடி, வாயில் மூச்சுக்குழாய், காலுக்குத் துடுப்பு. குப்புற மிதந்துகிட்டே கடலடியைப் பார்க்க வேண்டியதுதான். “கரையிலிருந்தா, படகிலா?” என்று கேட்டார்கள்.

என் மனைவி “கரை” என்றாள். அவ சொன்னதாலேயே நான் “படகு” என்றேன்! (சிரிப்பு) “நான் பழையாத்துல நீந்திப் படிச்சவனாக்கும்” என்று பெருமை வேறு. அவளையும் மகளையும் கரையில் விட்டுவிட்டு, மச்சினனோடு ஏறிவிட்டேன்.

பாறைத்திட்டின் விளிம்பு. நல்ல ஆழம். குதித்தேன். பொய் சொல்ல மாட்டேன், கண்கொள்ளாக் காட்சி! கீழே ஓர் ஆமை சாவகாசமாகப் போகுது. அதையே பார்த்துக்கிட்டு இருந்துவிட்டு, தலையைத் தூக்கினால் படகு எங்கேயோ நிக்குது! நீரோட்டம் என்னை இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. பதறினேன், குழாய் நழுவி உப்புத் தண்ணி உள்ளே போச்சு. ஆற்றில் கால் எட்டாவிட்டால் படித்துறையாவது எட்டும். அங்கே எதுவுமே எட்டவில்லை. மிதவைச் சட்டையும், கயிறு வீசிய படகுக்காரரும் இல்லையென்றால், இன்று இந்த மேடையில் என் படத்துக்குத்தான் மாலை விழுந்திருக்கும்.

மதியம், வாயை மூடிக்கொண்டு கரைக்கு வந்தேன். (சிரிப்பு) வெளியே பவளத்திட்டு அலையை உடைத்துவிடுவதால், உள்ளே இருக்கும் காயல் குளம் போலக் கிடந்தது. இடுப்பளவு தண்ணீர். குளத்துப் படித்துறையைத் தாண்டி இறங்காதவள் என் மனைவி. என் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். ஒரு நொடியில் எழுந்துவிட்டாள். மறுபடி வைத்தாள். மூன்றாம் தடவை எழவே இல்லை, குழாய் வழியாக “ஊ... ஊ...” என்று சத்தம். மஞ்சள் மீன் கூட்டம் ஒன்று அவள் கையைச் சுற்றி வந்ததாம். நடுவர் அவர்களே, காலையில் பார்த்த ஆமை எனக்கு மறந்துவிடும். அந்த “ஊ” சத்தம் மறக்காது! (கைதட்டல்)

எதிரணி கேட்டார்கள்: “கப்பல்ல இருந்து கரைக்கே படகில்தானே வந்தீர்?” கல்யாண மண்டபத்துக்குக் காரில்தான் போகிறோம். அதற்காகக் காருக்குள்ளேயே தாலி கட்ட முடியுமா? (பலத்த சிரிப்பு)

“கரையில் இறங்குபவர்கள் பவளத்தை மிதிப்பார்களே” என்றார்கள். நியாயமான கேள்வி. பவளம் கல் அல்ல, உயிர். 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி, லட்சத்தீவுப் பவளம் ஏற்கெனவே வெளுத்துப்போயிருக்கிறது. அதனால் மணலில் மட்டும் கால் வைப்போம். பவளத்தின் மேல் மிதப்போம். படகின் நங்கூரம் பவளத்தில் விழுந்தால் மட்டும் தடவியா கொடுக்கும்?

கடைசியாக ஒன்று. இதில் சிரிப்பு இல்லை. 2024 மே 6 அன்று நம்ம கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாள் அது. கரை என்றால் எல்லாக் கரையும் அல்ல. அலையைத் தடுக்கப் பவளத்திட்டு இல்லாத நம் திறந்த கடற்கரையில் இந்த விளையாட்டே வேண்டாம். எந்த ஊரானாலும் அந்தக் கரைக்காரரைக் கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் இறங்குங்கள்.

நம் குமரிமுனையில் சிலையாக நிற்கிற வள்ளுவர், ‘வலியறிதல்’ என்று ஓர் அதிகாரமே எழுதினார். குடும்பத்தின் வலிமை, நன்றாக நீந்துகிறவனின் வலிமை அல்ல; நீந்தவே தெரியாதவரின் வலிமை. படகில் போனால், திரும்புகிற நேரம் படகுக்காரர் கையில். கரையில் இறங்கினால், பயந்தவர் பயந்த நிமிடமே திரும்பலாம். தேறியதும் மறுபடி இறங்கலாம். அந்த உரிமையைத் தருவது கரை. எனவே நடுவர் அவர்களே, கரையே என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.

படகுதான் என்று சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் முதல் படகில் நீங்கள்தான் ஏற வேண்டும்! (சிரிப்பு, கைதட்டல்)