இரண்டு சாலைகளும் ஒரு பிள்ளையும்



இலக்கியம் பேசும் இத்தொடரிலே பஸ் வண்டியைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஆகவே, தமிழாசிரியன் ஒருவனுக்கு வழக்கமான முறையிலே, ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

'சாலை' என்ற சொல்லைத் தமிழகத்தவர் இன்று தெரு என்ற பொருளில் வழங்குகின்றனர். நாம் தெருவை வீதி என்போம்; பேச்சிலே றோட்டு என்போம். சாலை என்பது எமக்கு ஓர் இடம். பலர் கூடிப் பயன்கொள்ளும் இடம். பாடசாலை, வைத்தியசாலை, வாசிகசாலை ஆகிய சொற்கள் எல்லாம் அந்தப் பழைய பொருளைக் காத்து நிற்கின்றன. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ் வண்டிகள் இரவிலே தங்கிக் காலையிலே புறப்படும் இடத்துக்கும் எம்மிடையே சாலை என்றுதான் பெயர். கோண்டாவிற் சாலை, பருத்தித்துறைச் சாலை, காரைநகர்ச் சாலை என்றால் யாழ்ப்பாணத்தில் எவருக்கும் விளங்கும்.

ஆக, கிராமத்துப் பிள்ளையின் வாழ்விலே இரண்டு சாலைகள் உண்டு. ஒன்று பஸ் சாலை, மற்றது பாடசாலை. முதலாவது சாலையிலிருந்து விடியற்காலையிற் புறப்பட வேண்டிய வண்டி புறப்படாவிட்டால், இரண்டாவது சாலையிலே அன்று அந்தப் பிள்ளைக்கு இடமில்லை. இந்த இரு சாலைகளுக்கும் இடையிலான உறவு கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் எவ்வாறு மாறி வந்துள்ளது என்பதையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எமது நாட்டிலே கல்வி இலவசமானது 1945ஆம் ஆண்டில். அதனை நிறைவேற்றப் பாடுபட்ட கன்னங்கராவின் பெயரைப் பாடசாலைப் பிள்ளைகள் யாவரும் அறிவர். 1980இல் பாடநூல்கள் இலவசமாயின. 1993இல் சீருடைத் துணியும் வந்து சேர்ந்தது. இவை சிறிய காரியங்கள் அல்ல. எனினும், கட்டணமில்லாத பாடசாலையும் விலையில்லாத நூலும் பிள்ளையின் வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையே கிடக்கும் ஐந்து மைலைக் குறைத்துவிடா. அந்த ஐந்து மைலுக்கு விடை சொன்னது பஸ்ஸே ஆகும்.

1958 ஜனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. அதன் அடிப்படையை எளிதாகச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம்: சனம் நிறைந்த வழியிலே கிடைக்கும் வருமானத்தைக் கொண்டு சனம் குறைந்த வழியிலும் வண்டியை ஓட்டுவது. பட்டினத்துப் பயணி கொடுத்த காசின் ஒரு பங்கிலே, கடைசிக் கிராமத்து ஆலமரத்தடியில் நின்ற பிள்ளையும் ஏறிக்கொண்டது. பருவச்சீட்டு என்று எழுத்திலும் 'சீசன்' என்று பேச்சிலும் வழங்கும் அந்தச் சிறிய அட்டை, எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு நகரத்துக் கல்லூரியின் வாசலைத் திறந்துவிட்டது. இன்று வைத்தியராயும் பொறியியலாளராயும் எங்கெங்கோ இருக்கும் பலருடைய சரித்திரத்தின் முதல் அத்தியாயம் ஒரு சீசன் அட்டைதான்.

பஸ் பிள்ளைகளை மட்டும் ஏற்றிவரவில்லை. பத்திரிகைக் கட்டை வாசிகசாலை வாசலிலே போட்டுச் சென்றது. மணிக்கூடு இல்லாத வீடுகளுக்கு நேரமும் சொன்னது. "எட்டு மணி பஸ் போட்டுது, இன்னும் உலை வைக்கேல்லையோ?" என்று மாமியார் கேட்டால், அந்த எட்டு மணி பஸ் எட்டு மணிக்குத்தான் போகும் என்ற நம்பிக்கை அதற்குள் இருந்தது. நேரசூசி என்பது ஒரு வாக்குறுதி. அரசாங்கம் என்ற பெரிய அமைப்பு குக்கிராமத்து மனிதனுக்கு நாள்தோறும் கொடுத்து நாள்தோறும் காப்பாற்றிய வாக்குறுதி அது.

சபை வராத இடத்துக்கு வேறு ஏற்பாடுகள் இருந்தன. வடமராட்சி, தென்மராட்சி மக்கள் தட்டிவானை மறக்கமாட்டார்கள். பலகைத் தட்டிகள் அடித்த அந்த வண்டி பாதி லொறி, பாதி பஸ். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே அது நெடுங்காலம் ஓடியது. மரக்கறிக் கடகமும் மீன் கூடையும் தேங்காய்ச் சாக்கும் வியாபாரப் பெண்களும் ஒன்றாய்ப் போவார்கள். புத்தகப் பையோடு நிற்கும் பிள்ளையைக் கண்டால் சற்று ஒதுங்கி இடங்கொடுப்பார்கள்.

இந்த ஒழுங்கு சிறிது சிறிதாகவே மாறியது. 1978இல் சபை பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டது. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. 1990இல் மக்கள்மயப்படுத்தல் என்ற பெயரிலே சாலைகள் கம்பனிகளாக்கப்பட்டு ஊழியருக்கும் பங்குகள் வழங்கப்பட்டன. 2005இல் சட்டமொன்றின் மூலம் அவை மீண்டும் ஒரே சபையாயின. பெயர்ப்பலகைகள் மாறி மாறி வந்தபோதும், இடையிலே ஏற்பட்ட ஒரு மாற்றம் திரும்பவில்லை. சனம் நிறைந்த வழியின் வருமானத்தைத் தனியார் பஸ்ஸும் பங்கிட்டுக்கொண்டது. சனம் குறைந்த வழியோ சபையின் தலையிலேயே தங்கிவிட்டது. ஒரு கையாற் கொடுத்ததை மறு கையால் ஈடுசெய்த பழைய கணக்கு அத்துடன் உடைந்து போயிற்று.

இதனாலே தனியார் பஸ்காரரைக் குற்றஞ்சாட்ட நான் வரவில்லை. சபை பஸ் வராத இடத்துக்கு மினிபஸ் வந்தது என்பதும், கைகாட்டிய இடத்தில் நின்றது என்பதும் மறுக்கமுடியாதவை. ஆனால் அங்கே சாரதியும் நடத்துனரும் மாலையில் உரிமையாளருக்கு ஒரு தொகையைக் கொடுத்தாக வேண்டும். மிஞ்சுவதுதான் அவர்கள் வீட்டு அடுப்புக்கு. அந்தக் கணக்கிலே முழுக் கட்டணம் கொடுக்கும் பயணி வரவு. அரைக் கட்டணப் பிள்ளை செலவு. காலை ஏழு மணிக்குச் சந்தியிலே வெள்ளைச் சீருடைக் கூட்டத்தைக் கண்டதும் வேகத்தைக் கூட்டுகின்ற வண்டியை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். "பின்னாலை சீ.ரீ.பி. வருது, அதிலை ஏறும் தம்பி" என்பது எமது பிள்ளைகள் கேட்டுப் பழகிய வாசகம். அந்தப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதற்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்விக்கு எவரும் ஒழுங்காக விடை சொல்லாத வரை, நடத்துனரின் குணத்தை மட்டும் ஏசிப் பயனில்லை.

வடக்கின் கதை இன்னும் வேறு. 1990இல் இரயில் நின்றது. எரிபொருள் வருவதும் தடைப்பட்டது. மண்ணெண்ணெயில் ஓடிய ஒருசில வாகனங்களை விட்டால், குடாநாடு முழுவதும் சைக்கிளிலேயே சென்றது. மாணவரும் ஆசிரியரும் நோயாளியும் சைக்கிளில். அக்காலத்திலே பரீட்சைப் பெறுபேறுகள் வீழ்ந்துவிடவில்லை என்று பெருமைப்படுவோர் உளர். அந்தப் பெருமையிலே நியாயமுண்டு. ஆயினும், சைக்கிள் இல்லாத வீட்டுப் பிள்ளையும், தங்கையை முன்னால் ஏற்றி மிதிக்க அண்ணன் இல்லாத வீட்டுப் பிள்ளையும் எந்தப் பெறுபேற்றுப் பட்டியலிலும் இடம்பெறமாட்டார்கள் என்பதையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

2009இன் பின்னர் வீதிகள் திருந்தின. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதோடு பூநகரி யாழ்ப்பாணத்துக்கு அண்மையதாயிற்று. காபெற் வீதிகள் பல வந்தன. ஆனால் வீதி வேறு, பஸ் வேறு. நல்ல வீதி முதலில் உதவுவது வாகனம் உள்ளவனுக்கே. லீசிங்கிலே மோட்டார் சைக்கிள் வாங்கினோம். ஸ்கூட்டியிலே தாய்மார் பிள்ளைகளை ஏற்றி இறக்குகின்றனர். 'பாடசாலைச் சேவை' என்று எழுதிய வான்கள் ஒழுங்கை ஒழுங்கையாய் வந்து போகின்றன. வசதியுள்ளவர் இவ்வாறு பஸ்ஸை விட்டு இறங்கவே, பஸ்ஸிலே எஞ்சியவர் வசதியற்றவர். அவர்களுடைய முறைப்பாட்டைக் கேட்கும் காது எப்போதும் மந்தமானதுதான். முன்னர் ஊர் முழுவதற்கும் பொதுவாயிருந்த போக்குவரத்துச் செலவு, இன்று ஒவ்வொரு குடும்பத்தின் தனிக் கடனாகிவிட்டது. கடன்பட முடியாத குடும்பத்திலே அதனைப் பிள்ளையின் படிப்பு செலுத்துகிறது.

எப்படி என்று கேட்பீர்கள். வகுப்பறையிலே நாள்தோறும் காண்பதைச் சொல்கிறேன். காலை 7.30க்கு மணி அடிக்கும். தூரத்துப் பிள்ளைகள் எட்டு மணிக்கு வருவார்கள். முதற் பாடம் போய்விடும். முதற் பாடம் கணிதமாயிருந்தால், அந்தப் பிள்ளை கணிதத்தில் மொக்கு என்று பெயரெடுக்கும். பாடசாலை விட்டபின் செய்முறை வகுப்போ, விளையாட்டுப் பயிற்சியோ, நாடக ஒத்திகையோ இருந்தால், "சேர், கடைசி பஸ் போயிடும்" என்று தயங்கித் தயங்கி வந்து நிற்பவரும் அதே பிள்ளைகளே. உயர்தரத்திலே விஞ்ஞானம் படிக்க விரும்பும் பெண்பிள்ளையை, "மாலையில் இருட்டுப்பட்டு வரவேண்டும், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கலைப்பிரிவு போதும்" என்று வீட்டிலே நிறுத்திவிடுகிறார்கள். கலைப்பிரிவைக் குறைத்துச் சொல்பவன் அல்லன் நான். அதுவே என் துறை. ஆனால் ஒரு பிள்ளை எதைப் படிப்பது என்பதைக் கடைசி பஸ்ஸின் நேரம் தீர்மானிக்கலாமா?

பஸ் பிள்ளையை மட்டுமல்ல, ஆசிரியரையும் கொண்டுசெல்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். முழங்காவிலிலும் மல்லாவியிலும் துணுக்காயிலும் படிப்பிக்கும் ஆசிரியைகள் பலர் விடியுமுன்னே வீட்டை விட்டுப் புறப்படுகின்றனர். ஒரு பஸ் தவறினால் ஒரு வகுப்பறை முழுவதும் காத்திருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படி அலைந்தபின் அவர்கள் இடமாற்றம் கேட்பதிலே வியப்பில்லை. ஆசிரியர் நிலைக்காத பாடசாலையிலிருந்து பெற்றோர் பிள்ளைகளை எடுத்துப் பட்டினத்தில் விடுகின்றனர். ஊர்ப் பாடசாலை மெலிகிறது. பட்டினத்துக்குப் போகும் வண்டியோ மேலும் நெருக்கடிப்படுகிறது.

அரசு இதனை அறியாமலில்லை. 2005இல் 'சிசு செரிய' என்ற பாடசாலை பஸ் சேவை தொடங்கப்பட்டது. குறைந்த கட்டணத்திலே பிள்ளைகளை ஏற்றி, மிகுதியை அரசு ஈடுசெய்வது அதன் ஏற்பாடு. தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவின் கீழ்ச் சபை பஸ்களும் தனியார் பஸ்களும் அதிலே ஓடுகின்றன. கிராமங்களுக்கென 'கெமி செரிய' என்ற சேவையும் உண்டு. பிள்ளையின் ஆசனத்துக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்விக்கு இவை நேரான விடைகள். ஆகையினாலேதான், இவை எட்டாத ஊர்கள் எவை என்று கேட்டு வாங்கவேண்டிய பொறுப்பு எமக்கு உண்டாகிறது.

2022 ஜூன் மாதத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எரிபொருள் இல்லாமற் பாடசாலைகள் மூடப்பட்டன. போக்குவரத்துச் சிரமமில்லாத கிராமப்புறப் பாடசாலைகளை நடத்தலாம் என்றார்கள். பின்னர் வாரத்தில் மூன்று நாள் என்றார்கள். பஸ் இல்லையேற் பாடசாலை இல்லை என்பதை முழு நாடும் அன்று உணர்ந்தது. பட்டினத்தவர் சில மாதங்கள் கண்ட அந்தக் கஷ்டத்தைச் சில ஊர்ப் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் காண்கிறார்கள் என்பதே வேற்றுமை.

இனி என்ன செய்யலாம்? பெரிய திட்டங்களைப் பேச இது இடமன்று. பஸ் நேரசூசி வகுக்கும்போது அப்பகுதி அதிபர்களையும் அழைத்து, மணி அடிக்கும் நேரத்தையும் விடும் நேரத்தையும் கேட்டு எழுதலாம். எந்தச் சேவையை இரத்துச் செய்தாலும் காலையின் முதற் சேவையையும் மாலையின் கடைசிச் சேவையையும் தொடுவதில்லை என்று உறுதி கொள்ளலாம். தரிப்பிடந்தோறும் அந்த நேரங்களைத் தமிழிலே எழுதி வைக்கலாம். எழுதி வைத்தால்தான் தவறியதைக் கேட்க முடியும். வண்டி ஏற்றாமற் போன நாட்களை ஊர் வாசிகசாலை ஒரு கொப்பியிலே குறித்து வைத்தால், அது வெறும் குறையாக இராது; சான்றாகிவிடும்.

பழைய மாணவர் சங்கங்களிடமும் ஒரு விண்ணப்பம். கடல்கடந்து வாழும் எம்மவர் தாம் படித்த பாடசாலைகளுக்கு மண்டபங்களும் நுழைவாயில் வளைவுகளும் கட்டித் தருகின்றனர். நன்றி. அந்த வளைவுக்குள் நேரத்துக்கு வந்து நுழைய முடியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் ஒருமுறை அதிபரிடம் கேட்பார்களாக.

பத்துப்பாட்டிலே சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிரே வருபவனைக் கண்டு, தான் சென்ற வழியைச் சொல்லி அவனையும் ஆற்றுப்படுத்துவதே அவற்றின் பொருள். தான் பெற்றது போதும் என்று அவன் பேசாமற் போயிருந்தால், எமக்கு அந்த இலக்கியமே கிடைத்திராது. சீசன் அட்டையோடு ஏறிப் படித்து முன்னேறிய தலைமுறை எங்களுடையது. பரிசில் பெற்றவர் நாம். எதிரே சந்தியிலே புத்தகப் பையோடு நிற்பவர்களுக்கு வழிகாட்டும் கடமை எங்களுக்கு உண்டு; அந்த வழியிலே நேரத்துக்கு ஒரு பஸ் வருவதற்காகக் குரல்கொடுப்பதும் அக்கடமையிற் சேர்ந்ததே.