வட்டு காட்டாத எதிர்ப்பு



உயர்தர வகுப்பில், இங்கேயுள்ள ஆய்வுகூடத்தில், அகர் தட்டைத் திறந்து மூச்சுவிட்டு ஏச்சு வாங்கியவள் நான். இன்றும் என் தொழில் அதே தட்டுத்தான்.

நோயாளியிடமிருந்து எடுத்த பற்றீரியாவை அகரில் பூசி, மருந்து ஊறிய கடதாசி வட்டுகளை வைப்போம். 35 பாகை செல்சியசில் 16 முதல் 18 மணித்தியாலம். பிறகு வட்டைச் சுற்றிப் பற்றீரியா வளராத இடத்தை மில்லிமீற்றரில் அளப்போம். 1966இல் பவர், கேர்பி ஆகியோர் ஒழுங்குபடுத்திய முறை இது. மலிவு; பெரும்பாலும் நம்பலாம்.

கொலிஸ்ரினுக்கு நம்பமுடியாது. மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு நாங்கள் எடுக்கும் மருந்து அது. அதன் மூலக்கூறு பெரியது, அகருக்குள் சரியாகப் பரவாது. பயிற்சிக் காலத்தில் வட்டைப் பார்த்து "கொலிஸ்ரின் கேட்கும்" என்று நான் கையெழுத்திட்டேன். அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. மருந்துச் செறிவு இரண்டிரண்டு மடங்காகக் கூடும் குழிகளில், திரவ ஊடகத்தில் திரும்பச் செய்தோம். லீற்றருக்கு 2 மில்லிகிராமில் தெளிந்திருக்க வேண்டியது, 16இலும் கலங்கியே கிடந்தது. மருந்தை மாற்றினோம், தப்பிவிட்டா. என் கையெழுத்தால் அவவுக்கு வீணானவை மூன்று நாட்கள்.

2016இல் ஐரோப்பிய, அமெரிக்கத் தரக்குழுக்கள் சேர்ந்து, கொலிஸ்ரினுக்குத் திரவ முறையையே பரிந்துரைத்தன. பீ.சி.ஆர். சில மணித்தியாலத்தில் எம்.சி.ஆர்.-1 மரபணுவைக் காட்டும். எதிர்ப்பு வேறு வழியால் வந்திருந்தால் பேசாமல் இருந்துவிடும்.

இப்போது திரவ முறை முடிவுக்காகப் பொறுத்திருக்கச் சொல்லி வாட்டுக்கு நானே தொலைபேசி எடுப்பேன். ஏச்சு இன்னும் விழுகிறது.