அவர்களும் பெண்கள்தானே

முன்வரிசைப் பெரியவர்களே, பின்வரிசையில் இருக்கிற தாய்மாரே, ராத்தாமாரே, தங்கச்சிமாரே! பின்வரிசை என்று சொன்னதற்குக் கோபிக்க வேண்டாம், கதிரை போட்டது நானில்லை.

எலக்சன் அன்று விடியற்காலையில் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் பெண்கள் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். புள்ளடி போட்டுவிட்டு மை விரலோடு வீட்டுக்குப் போய்ச் சோறாக்குகிறோம். அந்த வோட்டை நமக்காகக் கேட்டது யார், எப்படிக் கேட்டார்கள்?

லண்டனில் இரண்டு விதமாகக் கேட்டார்கள். மில்லிசென்ட் ஃபாசெட் அம்மையார் மனு எழுதினார், கூட்டம் வைத்தார். எமிலின் பாங்கர்ஸ்ட் 1903இல் தொடங்கிய சங்கத்துப் பெண்கள் கண்ணாடி உடைத்தார்கள், சிறையில் சாப்பிட மறுத்தார்கள். இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தாரைக் ‘காரியத்தைக் கெடுக்கிறார்கள்’ என்றார்கள். டப்ளினிலே கண்ணாடி உடைத்துச் சிறைக்குப் போன மார்கரெட் கசின்ஸ் மதராசுக்கு வந்தபின், 1917இல் இந்திய மந்திரி மாண்டேகு துரையிடம் சரோஜினி நாயுடு தலைமையில் மனுவோடு தூது போக ஏற்பாடு செய்தார். அதே ஆள், வேறு வழி. கதவுக்குத் தக்கபடிதான் தட்டினார்.

நம் நாட்டில் 1927இல், அரசியல் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க டொனமூர் ஆணைக்குழு வந்தது. கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உடனே முளைத்தது. லேடி டெய்சி டயஸ் பண்டாரநாயக்க தலைவி, அக்னஸ் டி சில்வா செயலாளர். டாக்டர் மேரி ரட்னமும் கூட இருந்தார். கல்லுமில்லை, கூச்சலுமில்லை. அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? படித்த, சொத்துள்ள பெண்களுக்கு மட்டும் வோட்டு! தறியில் இருந்த நம் மூத்தம்மாவும், பன்பாய் இழைத்த நம் பெத்தம்மாவும் அந்த மனுவில் இல்லை.

ஆணைக்குழுவின் விசாரணையில் ஒரு கேள்வி வந்தது: தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளப் பெண்களுக்கும் சேர்த்தா கேட்கிறீர்கள்? அக்னஸ் தடுமாறவில்லை. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும்தான் வேண்டும் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். மனுவில் இருந்தது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று. சங்கத்துக்குள் அன்றிரவு என்ன பேச்சு நடந்திருக்குமோ! எனக்கு அந்தப் பதில்தான் முழு வரலாற்றிலும் பெரிய தந்திரம். ஏ.ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம் எல்லாருக்கும் வாக்கு என்றே கேட்டது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் துரை போன்ற பெரியவர்கள் பெண்களுக்குக் கொடுக்கவே கூடாது என்றார்கள். ஆணைக்குழு முப்பது வயதுப் பெண்களுக்கு என்று சிபாரிசு செய்தது. கடைசியில் அது இருபத்தொன்றானது. ஆணைக்குழுவின் முழுத் திட்டத்தையும் சட்டசபை 19க்கு 17 என்று மயிரிழையில் ஏற்றது.

1931இல் முதல் தேர்தல். அம்பாறை மாவட்டம் என்றொன்று அப்போது இல்லை, நாம் மட்டக்களப்புத் தெற்கு. மாக்கான் மாக்கார் அவர்களை அரசாங்க சபைக்கு இங்கிருந்துதான் அனுப்பினோம். யாழ்ப்பாணத்திலோ, முழுச் சுயராச்சியம் இல்லையென்று வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. அங்குள்ள பெண்களுக்குக் கைக்கு வந்த வோட்டு கையிலேயே நின்றது.

இதை ஏன் இன்று சொல்கிறேன்? 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தக் கேட்கும் நம் பெண்களிலும் இரண்டு வழி இருக்கிறது. ஒரு கூட்டம் உலமாக்களிடம் மெதுவாகப் பேசுகிறது, இன்னொன்று ஐ.நா.விடம் முறையிட ஜெனீவா வரைக்கும் போகிறது. இந்தச் சட்டத்தை ஆராய்ந்த நீதியரசர் சலீம் மர்சூஃப் குழுவே 2018இல் இரண்டு கருத்தாகத்தானே அறிக்கை கொடுத்தது! வெளியே போனவளை ஊர் மானத்தை விற்றவள் என்கிறோம், உள்ளே பேசுபவளைப் பயந்தவள் என்கிறோம். எந்த வழியில் போனாலும் போகட்டும். நான் பார்ப்பது மனுவில் யார் பெயர் விடுபட்டது என்பதைத்தான்.

அக்னஸ் யாருக்காக வாய் திறந்தாரோ, அந்தத் தோட்டத்துப் பெண்ணின் பிரஜாவுரிமை 1948இல் போனது. அடுத்த வருஷம் வோட்டும் போனது. அப்போது அவளுக்காகக் கேள்வி கேட்க எந்த ஆணைக்குழுவும் வரவில்லை.