ஊர் கண்ட டெபோரா மூடி அம்மாள்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதித்த பெண் ஒருவரைப் பற்றி ஊராட்சிக்கு ஒருத்தர் பேச வேண்டும் என்று போன செயற்குழுவில் முடிவு செய்தோம். வேலு நாச்சியாரை ஒரு அக்கா எடுத்துக்கிட்டாங்க. முத்துலட்சுமி ரெட்டி அம்மாவை இன்னொரு அக்கா எடுத்துக்கிட்டாங்க. எனக்கு வேறு ஒரு யோசனை. எந்த ஊருக்குப் போனாலும், இந்த ஊரை உண்டாக்கியது யார் என்று கேட்டால் ஒரு தாத்தா பெயரைத்தான் சொல்வார்கள். அவர் கூட வந்த பாட்டி பெயரை யாரும் சொல்றதில்லை. ஒரு பொம்பளை முன்னால் நின்று ஊர் உண்டாக்கியது உலகத்தில் எங்கேயாவது உண்டா என்று தேட ஆரம்பிச்சேன்.

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. என் மகள் பதினொன்றாம் வகுப்பு. ராத்திரி சாப்பாட்டு வேலை முடிந்த பிறகு, அவள் போனில் இங்கிலீஷில் படித்துச் சொல்ல, நான் நோட்டில் தமிழில் எழுதிக்கிட்டேன். இரண்டு மாசம் இப்படிப் போச்சு. அதில் கிடைத்தவர்தான் டெபோரா மூடி அம்மாள். அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள் குடியேறிய காலத்தில், 1643-ல் கிரேவ்சென்ட் என்ற ஊரை உண்டாக்கியவர். அந்த ஊர் இன்றைக்கு நியூயார்க் நகரத்தில் புரூக்ளின் பகுதிக்குள் இருக்கிறது.

அவர் பிறந்தது இங்கிலாந்தில், 1586 வாக்கில். வசதியான குடும்பம். சர் ஹென்றி மூடி என்ற பிரபுவைக் கல்யாணம் செய்தார். ஒரு மகன், ஒரு மகள். 1629-ல் கணவர் இறந்துவிட்டார். சொத்து இருந்தது, பட்டம் இருந்தது. ஆனாலும் தன் இஷ்டப்படி இருக்க முடியவில்லை. கிராமத்தில் நிலபுலன் உள்ளவர்கள் அதிக நாள் லண்டனில் தங்கக்கூடாது என்று அப்போது ஒரு கட்டுப்பாடு. இந்த அம்மா கூடுதலாகத் தங்கிவிட்டார். 40 நாளுக்குள் சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டும், பெரிய இடத்துப் பெண் ஏழைகளுக்கு நல்ல முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று 1635-ல் ராஜாவின் நீதிமன்றம் உத்தரவு போட்டது.

இந்த இடத்தில் என் மகள் நிமிர்ந்து பார்த்து, “அம்மா, இவங்களைப் பத்தின முதல் பேப்பரே கோர்ட்டு உத்தரவுதானா?” என்று கேட்டாள். அவள் கேட்ட பிறகுதான் அந்தக் கண்ணோடு மிச்சத்தையும் பார்த்தேன். அந்த அம்மாவுடைய முகம் எப்படி இருக்கும் என்று காட்டும் ஓவியம் இல்லை. இது அவருடைய சமாதி என்று காட்டும் கல்லும் இல்லை. அவரைப் பற்றி நமக்குத் தெரிவது எல்லாம் கோர்ட்டு, சபை, பத்திரம், அதிகாரிகளின் கடிதம் இவற்றிலிருந்துதான்.

1639-ல் கடல் கடந்து அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் என்ற இடத்துக்குப் போனார். அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நம்ம ஊரில் நாற்பது வயசு ஆனாலே, “இனிமே என்னத்த” என்று உட்கார்ந்துவிடுகிறோம். இவர் ஐம்பதுக்கு மேல் கப்பல் ஏறினார். 1640-ல் அங்கிருந்த அரசு 400 ஏக்கர் நிலம் ஒதுக்கியது. அடுத்த வருஷம் இன்னொரு பெரிய பண்ணையையும் விலைக்கு வாங்கினார். சேலம் என்ற ஊரில் இருந்த சபையிலும் சேர்ந்தார். நம்ம சேலம் இல்லை, அங்கேயும் ஒரு சேலம் இருக்கிறது.

அங்கே பிரச்சினை வேறு மாதிரி வந்தது. பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது கடவுள் சொன்னது இல்லை, விவரம் தெரிந்த பிறகு அவரவரே ஏற்றுக்கொள்வதுதான் சரி என்பது இவருடைய எண்ணம். இங்கிலாந்தில் மதக் கட்டாயம் தாங்காமல் ஓடி வந்தவர்கள்தான் மாசசூசெட்ஸை உண்டாக்கினார்கள். அப்படிப்பட்டவர்களே, வேறு எண்ணம் உள்ளவர்களைப் பொறுக்கவில்லை. 1642 டிசம்பரில், இவரையும் இன்னும் இரண்டு பெண்களையும் இதற்காகக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். மூன்று பேருமே பெண்கள் என்பதைக் கவனிக்கணும். சபைப் பெரியவர்கள் வந்து பேசிப் பார்த்தார்கள், கண்டித்தார்கள். அந்த அம்மா மாற்றிக்கொள்ளவில்லை. பிறகு சபையை விட்டு நீக்கியவர்களின் பட்டியலில் அவர் பெயரும் சேர்ந்தது.

நண்பர்கள் எல்லோரும் வேண்டாம் என்று சொல்லியும், 1643-ல் அவர் புறப்பட்டுவிட்டார். அவரோடு ஒத்த கருத்துள்ள வேறு சிலரும் கிளம்பினார்கள். தெற்கே, இன்று நியூயார்க் இருக்கிற பகுதி அப்போது டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அங்கே நிர்வாகம் செய்த கீஃப்ட் என்ற அதிகாரி, லாங் ஐலண்ட் தீவின் தென்மேற்கு ஓரத்தில், கடற்கரைப் பக்கம், இவர்களுக்கு இடம் கொடுத்தார்.

அவர் ஏன் கொடுத்தார்? தர்மத்துக்காக இல்லீங்க. அந்த மண் லெனாபே என்ற பூர்வகுடி மக்களுடையது. கீஃப்டின் ஆட்கள் அந்த வருஷம் பிப்ரவரியில் ராத்திரியோடு ராத்திரியாகப் போய், பெண்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் அந்த மக்களைக் கொன்றிருந்தார்கள். அதனால் பெரிய சண்டை மூண்டது. சண்டை நடக்கிற இடத்தில் தங்கள் பக்கம் ஆட்கள் குடியிருந்தால் டச்சுக்காரர்களுக்கு நல்லது. இந்த அம்மாவின் ஆட்கள் போய் இறங்கிய கொஞ்ச நாளிலேயே தாக்குதல் வந்தது. 40 ஆண்கள் சேர்ந்து தடுத்தார்கள். ஆனாலும் அங்கே இருக்க முடியாமல், பக்கத்தில் இருந்த டச்சு ஊருக்கு நகர்ந்தார்கள்.

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். நம்மில் நிலம் இழந்தவர்கள் இருக்கிறோம், நிலத்துக்காக நடையாய் நடப்பவர்களும் இருக்கிறோம். ஒரு பெண் சாதித்தாள் என்று சொல்லும்போது, அவள் நின்ற மண் யாருடையது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கிரேவ்சென்ட் மக்கள் பூர்வகுடிகளிடம் பத்திரம் எழுதி நிலம் வாங்கியதும் உண்டு. 1654-ல் கோனி ஐலண்ட் பக்கத்து நிலத்தைச் சிப்பி மணியும் துப்பாக்கியும் வெடிமருந்தும் கொடுத்து வாங்கினார்கள். விற்றவர்கள் பார்வையில் நிலம் என்பது எல்லோரும் பயன்படுத்துவது. வாங்கியவர்கள் பார்வையில் வேலி போட்டு அடைத்துக்கொள்வது. கடைசியில் அந்த மக்கள் அந்த இடத்தை விட்டே போக வேண்டியதாயிற்று.

அந்தச் சண்டைக் காலத்தில், மாசசூசெட்ஸுக்கே திரும்பலாமா என்ற யோசனையும் இருந்திருக்கிறது. 1644-ல் எண்டிகாட் என்ற அதிகாரி வின்த்ராப் என்ற தலைவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அந்த அம்மா தன் தவறை ஒத்துக்கொண்டு, தன் எண்ணங்களை விட்டுவிட்டு வந்தால் ஒழிய வரச் சொல்லாதீர்கள், அவள் ஆபத்தான பொம்பளை என்று அதில் எழுதியிருக்கிறார். அதே வின்த்ராப் தன் நாட்குறிப்பில், புத்திசாலியான, நீண்ட நாளாகவே பக்தியுள்ள பெண் என்று இவரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருத்தர் புத்திசாலி என்கிறார், இன்னொருத்தர் ஆபத்து என்கிறார். எனக்கு இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்கிற மாதிரிதான் பட்டது. குழுக் கூட்டத்தில் கணக்குக் கேட்கிற பெண்ணுக்கும் நம்ம ஊரில் இந்த இரண்டு பெயரும் கிடைக்கும்.

அந்த அம்மா திரும்பிப் போகவில்லை. சண்டை ஓய்ந்து, 1645 டிசம்பர் 19-ஆம் தேதி, கீஃப்ட் ஊருக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்தார். டச்சிலும் இங்கிலீஷிலும் எழுதிய பட்டயம். அதில் நான்கு பேர் பெயர் இருக்கிறது. முதல் பெயர் டெபோரா மூடி. இரண்டாவது அவருடைய மகன் ஹென்றி. அதற்குப் பிறகுதான் ஜார்ஜ் பாக்ஸ்டர், ஜேம்ஸ் ஹப்பர்ட் என்ற இரண்டு ஆண்கள்.

அக்காமாரே, இதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. வளர்ந்த மகன் இருக்கிறான், அவனும் பட்டம் உள்ளவன். அவன் பெயரில் எழுதியிருக்கலாம். ஆனால் அம்மா பெயர் முன்னால் இருக்கிறது. இன்றைக்கும் நம்ம வீட்டில் குழுக் கடனில் கட்டிய வீட்டுக்கு யார் பெயரில் பட்டா இருக்கிறது? கடன் நம்ம பெயரில், பட்டா அவங்க பெயரில் என்று எத்தனை வீடு இருக்கிறது?

அந்தப் பட்டயத்தில் இரண்டு முக்கியமான விஷயங்கள் உண்டு. ஊர்க்காரர்கள் தங்களைத் தாங்களே நிர்வாகம் செய்துகொள்ளலாம். அவரவர் மனசாட்சிப்படி சாமி கும்பிடலாம், அதிகாரியோ மத குருவோ தொந்தரவு செய்யக்கூடாது. எதற்காக ஓர் ஊரை விட்டு வந்தாரோ, அதைப் புது ஊரின் பத்திரத்திலேயே எழுதி வாங்கிவிட்டார்.

ஊரை அமைத்த விதத்தையும் சொல்லணும். 16 ஏக்கரில் ஒரு சதுரம். நடுவில் இரண்டு ரோடு குறுக்காகப் போய், சதுரத்தை நான்கு பாகமாகப் பிரிக்கிறது. ஒரு பாகத்துக்கு 10 மனை, மொத்தம் 40. ஒவ்வொரு பாகத்திலும் வீடுகள் ஓரத்தில் சுற்றி இருக்க, நடுவில் பொது இடம். ராத்திரி மாடுகளை அங்கே அடைப்பார்கள். சதுரத்தைச் சுற்றி மரக்கட்டையால் காப்பு வேலி. வயல்கள் வெளியே, வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி ஊரிலிருந்து விரிந்து போகும். மனை வாங்கியவர் குறித்த காலத்துக்குள் குடியிருக்கிற மாதிரி வீடு கட்டணும், இல்லாவிட்டால் மனை ஊருக்கே போய்விடும் என்று ஊர்க்கூட்டம் தீர்மானம் போட்டது. நம்ம குழுவில் சந்தா கட்டாவிட்டால் என்ன என்று எழுதி வைத்திருக்கிற மாதிரிதான்.

என் மகள் போன் மேப்பில் அந்த இடத்தைத் திறந்து காட்டினாள். சுற்றிலும் ரோடு எல்லாம் ஒரு திசையில் போகிறது, நடுவில் இந்தச் சதுரம் மட்டும் கொஞ்சம் சாய்ந்து தனியாகத் தெரிகிறது. வில்லேஜ் ரோடு நார்த், சவுத், ஈஸ்ட் என்று இன்னமும் பெயர் இருக்கிறது. கிட்டத்தட்ட 380 வருஷம் ஆகியும் அவர்கள் போட்ட கோடு அழியவில்லை.

அங்கே அவர் பெயர் சொல்லப்படுகிற ஒரு பழைய வீடும் இருக்கிறது. 2016-ல் நியூயார்க் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டிடமாக அறிவித்தது. ஆனால் அந்த வீடு கட்டியது 1700-க்குப் பிறகு. டெபோரா அம்மா காலமானது 1659 வாக்கில். அவர் அந்த வீட்டில் வாழ்ந்திருக்க முடியாது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, ஆராய்ச்சி செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். உண்மையான பதிவு குறைவாக இருக்கும்போது, கதை வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

இதைப் படித்த பிறகு எனக்கு ஒரு வேலை செய்யத் தோன்றியது. எங்கள் ஊரில் முதல் குழுவைத் தொடங்கிய பெரியம்மா போன வருஷம் தவறிட்டாங்க. கைநாட்டு வைப்பவர். வீடு வீடாகப் போய், புருஷன்மார்களிடம் திட்டு வாங்கி, பன்னிரண்டு பேரைச் சேர்த்தவர். அவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பழைய தீர்மான நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும், “கூட்டம் இனிதே நடைபெற்றது, சேமிப்பு வசூலிக்கப்பட்டது, நன்றியுரையுடன் முடிந்தது” என்றுதான் இருக்கிறது. கீழே அவர் கைரேகை. சாராயக் கடையை எடுக்கச் சொல்லி மனு கொடுக்கலாம் என்று முதலில் சொன்னது அவர்தான். அதுகூட, “உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டனர்” என்று போய்விட்டது.

டெபோரா அம்மாவைப் பற்றி எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் அவரைத் தண்டித்தவர்களும் பயந்தவர்களும்தான். நம்மைப் பற்றி நாமே எழுத நோட்டு இருக்கிறது, பேனா இருக்கிறது. அதனால் இந்தச் சபையில் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, இனிமேல் தீர்மான நோட்டில் யார் என்ன சொன்னார் என்று பெயர் போட்டு எழுதணும். எதிர்த்துச் சொன்னவர் பெயரையும் எழுதணும்.

இரண்டு, எழுதத் தெரியாத மூத்த உறுப்பினர்கள் சொல்லச் சொல்ல, படித்த பிள்ளைகளை விட்டு எழுதி வாங்கணும். அடுத்த வருஷ மலரில் அதைப் போடணும். எங்கள் பெரியம்மாவைப் பற்றி அவர் கூட இருந்த நான்கு பேரிடம் கேட்டு நான் ஆறு பக்கம் எழுதிவிட்டேன்.

மூன்று, வீட்டுப் பட்டாவில், நிலப் பத்திரத்தில் நம்ம பெயரும் இருக்கணும் என்று வீட்டில் பேச்சை எடுக்கணும். ஒரு நாளில் நடக்காது. ஆனால் பேச்சு எடுத்தால்தான் நடக்கும்.

ஒரு நாள் யாரோ ஒரு பிள்ளை, இந்தக் கூட்டமைப்பை உண்டாக்கியது யார் என்று தேடி வரும். அது வரும்போது நம்ம நோட்டில் பெயர் இருக்கணும்.