கைராசியா, மண்ணா? – சால்வியாச் செடிக்கு ஏற்ற பாத்தி



தோட்டப்புறங்களுக்குச் செல்லும்போதெல்லாம் நாம் தவறாது கேட்கும் சொல் ஒன்று உண்டு. "எனக்குக் கைராசி இல்லை ஐயா, சால்வியா நட்டேன், இரண்டே வாரத்தில் பட்டுப்போயிற்று" என்பர் தாய்மார். செடி மாண்டதற்குத் தம் கையை நொந்துகொள்ளும் அவர்களுக்காகவே இவ்வுரை. பிழை கையில் இல்லை. வாசல் மண்ணில் இருக்கின்றது.

லயத்து வாசல் மண் எத்தகையது? பல்லாண்டுகளாக மனிதர் மிதித்து, மோட்டார் சைக்கிள் ஏறி, நாள்தோறும் பெருக்கியதால் மேல்மண் நீங்கி இறுகிப்போன செம்மண். மழைநீர் அதில் எளிதில் இறங்குவதில்லை. சால்வியாவோ பிரேசில் நாட்டிலிருந்து வந்தது. துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டை விரலால் தடவினால் துளசியைப் போலவே நான்கு பட்டை தெரியும். ஈரத்தை விரும்பும்; நீர் தேங்கினாலோ வேர் மூச்சின்றி அழுகும். இலை வாடக் கண்டு நாம் மேலும் நீர் ஊற்றுகின்றோம். அதுவே செடிக்கு எமனாகின்றது.

நடுவதற்கு முன் ஓரடி ஆழக் குழி தோண்டி, மாலையில் நீர் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அவ்விடம் அப்படியே நடுவதற்கு ஆகாது. தரையை ஓரடி ஆழம் கொத்திப் புரட்டி, அதன்மேல் அரையடிக்குக் குறையாமல் பாத்தியை உயர்த்த வேண்டும். நல்ல மேல்மண் 3 பங்கு, நன்கு மக்கிய சாணம் 2 பங்கு, ஆற்றுமணல் 1 பங்கு போதும். நம் நாட்டு மண் பெரும்பாலும் புளிப்பு மிக்கது. ஆகையால் சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி சுண்ணாம்புக்கல் தூளை மண்ணில் கலந்து, இரண்டு வாரம் கழித்தே சாணத்தைச் சேர்த்தல் நன்று. யூரியாவை அள்ளி வீசாதீர்கள். இலை செழிக்கும், பூ குறையும்.

கேமரன் மலையில் வெயில் முழுதும் பட்டாலும் இச்செடி தாங்கும். தாழ்நிலத் தோட்டங்களில் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடமே தகும். ஓரடி இடைவெளி விட்டு நட்டு, நான்கு இணை இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் எழும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கின்றது. களைக்கொல்லி வந்த டின்னைக் கழுவிச் செடிக்கு நீர் ஊற்றப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கின்றோம். அது வேண்டவே வேண்டாம். கழுவிய பின்னும் அதில் நஞ்சு எஞ்சியிருக்கக்கூடும். செடி கருகுவது சிறிது. வீட்டுப் பிள்ளை அதில் கை நனைப்பது பெரிது.

இவ்வளவு செய்தும் சில செடிகள் வாடலாம். அப்போது ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வெண்மையாக இருந்தால் நீர் போதவில்லை என்று கொள்ளலாம். பழுப்பாகக் குழைந்திருந்தால் நீர் மிகுந்துவிட்டது. பாத்தியை இன்னும் நான்கு விரற்கடை உயர்த்தி மீண்டும் நடுங்கள்.